அலமாரியும் ஃப்ரீசரும் கைகொடுத்தால் அரைமணியில் பாஸ்தா

வேலை முடிந்து வந்து பையை இறக்கி வைப்பதற்குள் "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று ஒரு குரல் வந்துவிடும். கூடையில் இரண்டு வெங்காயம், ஃப்ரிட்ஜில் பாதி எலுமிச்சை. திரும்பக் கடைக்குப் போகத் தெம்பில்லை. இந்த மாதிரி நாட்களுக்கென்றே நான் பாஸ்தாவை வைத்திருக்கிறேன். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து தட்டில் போடுவது வரை அரைமணி போதும். ஆனால் அந்த அரைமணிக்குள் எது முதலில், எது அப்புறம் என்பது பிடிபட வேண்டும். புதிதாகச் சமைக்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். சாஸ் முழுக்கச் செய்து முடித்துவிட்டுத் தண்ணீர் வைப்பார்கள். இல்லையென்றால் பாஸ்தா வெந்து வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு கிடக்க, இந்தப் பக்கம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே, வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரை அடுப்பில் ஏற்றிவிடுங்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை அது சூடாகும்போது யோசித்துக்கொள்ளலாம். மூன்று லிட்டர் தண்ணீர் மூடிபோட்டுக் கொதிக்க, அடுப்பைப் பொறுத்து, 10 முதல் 15 நிமிடம். பாஸ்தா வேக இன்னொரு 10 நிமிடம். ஆக, கையில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கிறது. கீழே வரும் சாஸ்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் அடங்குகிறவைதான்.

முன்கூட்டியே வாங்கி வைப்பவை

பாஸ்தாவில் நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று போதும். ஸ்பெகட்டியும் பென்னேயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வடிவங்களை வாங்கி ஒவ்வொன்றிலும் கால் பாக்கெட் மிச்சம் வைத்துக்கொண்டு அவதிப்பட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் வேகும் நேரம் வேறு என்பதால் கலந்து போடவும் முடியாது. பாக்கெட்டில் 'டியூரம் கோதுமை' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். டியூரம் கடினமான கோதுமை, புரதம் அதிகம். ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் குழையாமல் தாங்கும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மைதாவில் செய்த பாஸ்தா அந்த ஒரு நிமிடத்தைக்கூட மன்னிக்காது.

அதோடு, தக்காளி டின். 400 கிராம் டின் இரண்டு எப்போதும் இருக்கட்டும். முழுத் தக்காளி டின் கிடைத்தால் அதையே எடுங்கள். நறுக்கிய தக்காளி டின்களில், துண்டுகள் உருக்குலையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம். அதனால் எவ்வளவு கொதித்தாலும் அவை கரையாமல் கட்டிகட்டியாகவே நிற்கும். முழுத் தக்காளியைக் கையாலேயே பிசைந்துவிடலாம். இது தவிர தக்காளி பேஸ்ட், கொண்டைக்கடலை டின், எண்ணெயில் போட்ட டூனா டின், பூண்டு, வெங்காயம், காய்ந்த மிளகாய், மிளகு, ஆலிவ் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் வாசம் அதிகம் வராத எந்தச் சமையல் எண்ணெயும் சரி. பூண்டு எண்ணெய் பாஸ்தாவுக்கு மட்டும் நல்ல ஆலிவ் எண்ணெய் வேண்டும், அங்கே மறைந்துகொள்ள வேறு எதுவும் இல்லை.

ஃப்ரீசரில் பட்டாணி, பசலைக்கீரை, வெண்ணெய், துருவிய கெட்டிச் சீஸ். அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் இறாலும் கொத்துக்கறியும். கெட்டிச் சீஸை ஒரு வார இறுதியில் உட்கார்ந்து துருவி டப்பாவில் போட்டு உறைய வைத்தால், வேண்டும்போது ஒரு பிடி அள்ளிக்கொள்ளலாம். கடையில் துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், சாஸில் அது வழவழப்பாக உருகாது.

கொத்துக்கறியை உருண்டையாக உறைய வைப்பதைப்போல் ஒரு தொல்லை வேறில்லை. ஜிப் வைத்த பையில் போட்டு, சப்பாத்திக் கட்டையால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக உருட்டுங்கள். பிறகு ஸ்கேலின் விளிம்பால் பையின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக அழுத்திக் கட்டம் போட்டுவிடுங்கள். உறைந்த பிறகு சாக்லெட் உடைப்பதுபோல வேண்டிய கட்டத்தை மட்டும் உடைத்து நேராக வாணலியில் போடலாம். மீந்த தக்காளி சாஸையும் இப்படித் தட்டையாகவே உறைய வையுங்கள். டின்னைத் திறந்து ஒரு கரண்டி மட்டும் எடுத்த தக்காளி பேஸ்ட்டை ஐஸ் ட்ரேயில் கரண்டி கரண்டியாகப் போட்டு வைத்தால் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகாது.

வேகவைப்பது

அளவில் குழம்ப வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு 100 கிராம், சிறுவர்களுக்கு அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ. தராசு இல்லையென்றால் அரைக் கிலோ பாக்கெட்டை ஐந்தாகப் பிரித்தால் கணக்கு சரி. நான் கீழே சொல்லும் அளவெல்லாம் நாலு பேருக்கு, அதாவது 400 கிராம் பாஸ்தாவுக்கு.

100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது பழைய கணக்கு. அவ்வளவு தேவையில்லை, 400 கிராமுக்கு மூன்று லிட்டர் தாராளம். குட்டை பாஸ்தாவை இன்னும் குறைவான தண்ணீரில்கூட வேகவைக்கலாம், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும், வடிக்கும்போது கஞ்சியும் கெட்டியாகக் கிடைக்கும். அந்தக் கஞ்சி எதற்கு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உப்பு, லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் தூளுப்பு. முதல் தடவை போடும்போது கை நடுங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும், பயப்பட வேண்டாம். டூனா, ஆலிவ், சீஸ் என்று உப்பான சாமான்கள் சாஸில் இருந்தால் ஒரு டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் இதிலிருந்தே கொடுப்பதாக இருந்தால் அதன் பங்கை உப்பில்லாமல் தனியாக வேகவைத்துவிடுவது நல்லது. உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதெல்லாம் கதை. இந்த அளவு உப்பு கொதிநிலையைக் கால் டிகிரிகூட மாற்றாது. உப்பு ருசிக்குத்தான். வேகும்போது உள்ளே ஏறாத உப்பை மேலே தூவி ஈடுகட்ட முடியாது.

நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது பாஸ்தாவைப் போட்டு, முதல் இரண்டு நிமிடம் பக்கத்திலேயே நின்று கிளறுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் மேற்பரப்பில் இருக்கும் மாவு இளகிப் பசையாகிறது. விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டிவிட்டால் அவ்வப்போது ஒரு கிளறல் போதும். ஸ்பெகட்டி பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அரை நிமிடம் பொறுத்தால் தானாக வளைந்து உள்ளே போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்காக இரண்டாக உடைத்துப் போட்டாலும் குடிமுழுகிவிடாது. ஒட்டாமல் இருக்கத் தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவது மட்டும் வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்துகொண்டு சாஸை ஒட்ட விடாது.

பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 8-வது நிமிடத்தில் ஒன்றை எடுத்து ஊதிக் கடித்துப் பாருங்கள். கடித்த இடத்தைப் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரியும். எடுக்க வேண்டிய நேரம் அதுதான். மிச்ச வேக்காடு சாஸில் நடக்கும். புள்ளி பெரிதாக இருந்தால் இன்னொரு நிமிடம். புள்ளியே இல்லையென்றால் உடனே வடித்துவிட்டுச் சாஸில் போட்டதும் இறக்கிவிடுங்கள்.

இப்போது கஞ்சி. வடிப்பதற்கு முன் அந்தத் தண்ணீரில் ஒரு பெரிய கப், 250 மில்லி, எடுத்து வைத்தே ஆக வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. கஞ்சியில் இருக்கும் மாவு இரண்டையும் பிடித்துவைத்து வழவழப்பான சாஸாக்கும். க்ரீம் இல்லாமலேயே க்ரீம்போல வருவது இதனால்தான். எனக்கு இது தெரிந்த பிறகும் எத்தனையோ முறை பழக்க தோஷத்தில் மொத்தத்தையும் தொட்டியில் கொட்டிவிட்டு, ஆவி முகத்தில் அடிக்கும்போது "ஐயோ" என்று நின்றிருக்கிறேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாஸ்தாவைப் போட்டதுமே வடிகட்டியைத் தொட்டியில் வைத்து, அதற்குள் ஒரு கப்பையும் வைத்துவிடுவேன். கப்பை எடுக்காமல் வடிக்க முடியாது. அதற்கப்புறம் மறந்ததில்லை. வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். நமக்கு வேண்டிய மாவு அதோடு போய்விடும்.

வடித்ததை உடனே சாஸ் இருக்கும் அகலமான வாணலியில் போட்டு, தீயைக் கூட்டி, ஒரு கரண்டி கஞ்சி விட்டு ஒன்றிரண்டு நிமிடம் புரட்டுங்கள். முதலில் தண்ணீர் தனியாக ஓடும். புரட்டப் புரட்டச் சாஸ் பளபளவென்று பாஸ்தாவில் ஏறும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு மெல்ல மூட வேண்டும். சட்டென்று மூடினால் இன்னும் கொஞ்சம் வற்றட்டும், மூடவே இல்லையென்றால் இன்னொரு கரண்டி கஞ்சி. கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள். தட்டுக்குப் போவதற்குள் இறுகிவிடும். சீஸ் போடுவது அடுப்பை அணைத்த பிறகுதான். கொதிக்கிற சூட்டில் போட்டால் அதன் புரதம் திரண்டு ரப்பர்போலக் கரண்டியைச் சுற்றிக்கொள்ளும்.

பூண்டும் எண்ணெயும்

முதலில் இதைப் பழகுங்கள். இத்தாலியர்கள் ஆல்யோ ஏ ஓல்யோ என்கிறார்கள், பொருளே 'பூண்டும் எண்ணெயும்' தான். சாமான் இவ்வளவு குறைவு என்பதால் செய்முறை மட்டுமே காப்பாற்றும்.

ஆறு பல் பூண்டை மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். நசுக்க வேண்டாம், நசுக்கியது சீக்கிரம் தீயும். வாணலியில் ஆறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பூண்டைப் போட்டுவிடுங்கள். சின்னத் தீ. இரண்டு மூன்று நிமிடத்தில் வில்லைகளைச் சுற்றி ஊசி குத்தினாற்போலக் குட்டிக் குட்டிக் குமிழ் வரும். வாணலியைச் சாய்த்து, எண்ணெய் ஒரு பக்கம் சேர்ந்து பூண்டு அதில் மூழ்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பச்சை வாசம் போய் ஒரு இனிப்பு வாசம் வரும்போது கிள்ளிய காய்ந்த மிளகாய் இரண்டைப் போடுங்கள். வில்லையின் ஓரம் வெளிர் பொன்னிறமாகும் அந்த நொடியில் ஒரு கரண்டி கஞ்சியை ஊற்றிவிட வேண்டும். சடசடவென்று தெறிக்கும், தள்ளி நின்று ஊற்றுங்கள். அதோடு பூண்டு வறுபடுவது நின்றுவிடும். பழுப்பாகும் வரை விட்டால் கசப்பு எண்ணெய் முழுக்க இறங்கிவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. அப்படி ஆகிவிட்டால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிட்டுப் புது எண்ணெயில் தொடங்குங்கள்.

இது வேகமாக முடியும் சாஸ். பாஸ்தாவைத் தண்ணீரில் போட்ட பிறகு ஆரம்பித்தால் சரியாக இருக்கும். மேலே ரொட்டித்தூளை எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துத் தூவலாம். தென் இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் சீஸுக்குப் பதிலாகச் செய்தது. சீஸ் இருக்கும் வீட்டிலும் இதைச் செய்யலாம் என்பது என் கட்சி.

தக்காளி

தண்ணீர் வைத்ததுமே இதையும் ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்குங்கள். கண்ணாடிபோல ஆனதும் இரண்டு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட். பேஸ்ட்டை எண்ணெயில் இரண்டு நிமிடமாவது வறுக்க வேண்டும். பளீர்ச் சிவப்பு மாறிச் செங்கல் நிறம் வரும், டின் வாசம் போகும். பிசைந்த தக்காளி டின் ஒன்றை ஊற்றி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் திறந்தபடி கொதிக்க விடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது ஆயிற்று. பிள்ளைகளுக்குச் சாஸ் தளதளவென்று வேண்டுமென்றால் இரண்டு டின்.

புளிப்பாக இருந்தால் எல்லோரும் சர்க்கரையைத் தேடுவார்கள். சர்க்கரை புளிப்பை மறைக்கும், குறைக்காது. ஒரு துண்டு வெண்ணெய் போட்டுப் பாருங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா புளிப்பை உண்மையாகவே முறிக்கும். கை தவறிக் கூடிவிட்டால் சோப்பு வாசம் அடிக்கும், அதனால் அந்தப் பக்கம் நான் போவதில்லை.

இந்தச் சாஸில் எதையும் சேர்க்கலாம். டூனாவை எண்ணெய் வடித்துக் கடைசி ஒரு நிமிடத்தில் சேருங்கள், கொதிக்க விட்டால் நார்நாராக வறண்டுவிடும். கீரை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, உறைந்த பசலையைக் கரைய விட்டு நன்றாகப் பிழிந்து, சாஸோடு மிக்ஸியில் அடித்துவிடலாம். நிறம் கொஞ்சம் மங்கும், கேட்டால் விளக்கு வெளிச்சத்தைக் குறை சொல்லுங்கள். கொத்துக்கறி சேர்ப்பதென்றால், வெங்காயத்துக்கு முன்பே அதைத் தனியாகச் சூடான வாணலியில் போட்டு, ஊறிய தண்ணீர் வற்றி அடியில் பழுப்பாகப் பிடிக்கும் வரை விடுங்கள். இருபது நிமிடத்தில் வருவது மணிக்கணக்கில் வெந்த இறைச்சி சாஸ் ஆகிவிடாது. ஆனால் வார நாள் இரவில் அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

கொண்டைக்கடலையோடு ஒரே பாத்திரத்தில்

பாத்திரம் கழுவச் சோம்பலாக இருக்கும் நாளுக்கு இது. இதுவும் இத்தாலிய வீட்டுச் சாப்பாடுதான், பாஸ்தா ஏ சேச்சி என்பார்கள். இதற்கு மட்டும் தனியாகத் தண்ணீர் கொதிக்க வைத்து வடிக்கும் வேலை இல்லை, அளவும் வேறு. நாலு மேசைக்கரண்டி எண்ணெயில் மூன்று பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட் வறுத்து, இரண்டு டின் கொண்டைக்கடலையை அதன் தண்ணீரோடு ஊற்றுங்கள். பாதிக் கடலையைக் கரண்டியால் மசித்துவிடுங்கள். ஒரு லிட்டர் கொதிநீர், ஒரு டீஸ்பூன் உப்பு, 200 கிராம் சின்ன மக்ரோனி. கடலை வயிற்றை நிரப்பிவிடும், பாஸ்தா இவ்வளவு போதும். மூடாமல், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே 10, 12 நிமிடம். கெட்டியான சூப்போல வரும். அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் இன்னும் சேர்ந்துகொள்ளும். மேலே மிளகும் பச்சை எண்ணெய் ஒரு சுற்றும்.

ஃப்ரீசரிலிருந்து நேராக

பட்டாணியை உருக வைக்கவே வேண்டாம். பாஸ்தா வடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அதே தண்ணீரில் இரண்டு கப் கொட்டுங்கள். கொதி ஒரு கணம் அடங்கித் திரும்ப வரும். சேர்த்து வடித்து, 50 கிராம் வெண்ணெய், அரைக் கப் கஞ்சி, எலுமிச்சைத் தோல் துருவல், மிளகு போட்டுப் புரட்டி, அணைத்ததும் இரண்டு பிடி சீஸ். கூடுதலாகச் செய்ய எதுவுமில்லை.

இறாலை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் 15, 20 நிமிடத்தில் உறை விட்டுவிடும். பாஸ்தா தண்ணீரை வைக்கும்போதே இதையும் போட்டுவிடுங்கள். வெந்நீரில் போட்டால் ஓரம் வெந்து நடு உறைந்தே இருக்கும். எடுத்ததும் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் வறுபடாமல் தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். சூடான எண்ணெயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம், பெரிதாக இருந்தால் ஒன்றரை. அரைவட்டமாக வளைந்தால் பதம். சுருண்டு முழு வட்டமாகிவிட்டால் ரப்பர். தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் பூண்டு எண்ணெய் சாஸைச் செய்து, பாஸ்தா புரட்டிய பிறகு கடைசியாக இறாலைத் திரும்பப் போடுங்கள்.

மீந்தால்

சாஸோடு கலந்த பாஸ்தாவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது மைக்ரோவேவைவிட வாணலி நல்லது. இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, சின்னத் தீயில் வைத்து, இளகியதும் புரட்டுங்கள். வெந்த பாஸ்தாவை உறைய வைத்தால் திரும்ப எடுக்கும்போது சொதசொதவென்று ஆகிவிடும். சாஸை மட்டும் உறைய வையுங்கள். தக்காளி சாஸ் செய்யும் நாளில் இரட்டை அளவாகச் செய்து, ஆறவிட்டு, பாதியைப் பையில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்தால் மூன்று மாதம் வரை ருசி குறையாமல் இருக்கும். பையில் தேதியும் பெயரும் எழுத மறக்காதீர்கள், ஈரமில்லாதபோதே, சாஸை ஊற்றும் முன்பே. உறைந்த பிறகு தக்காளி சாஸும் தக்காளி பேஸ்ட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.